செல்லம்மா இருந்த மூன்றாவது வீடு

அம்மா,

இன்று காலை ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி ஒன்று எங்கள் தெரு வழியாக ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போயிற்று. மழையில் நனைந்த பட்டை. வாசனை வந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. பிள்ளைகளை ஊர் ஊராக இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டியாக வரக் கூடாதென்று நான் பட்டை ஏற்றுவேன்; நீங்கள் அந்தக் கட்டுகள் மேலேயே உட்கார்ந்து வருவீர்கள்.

நீங்கள் இறந்த சேதி மாசியில் வந்தது. மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டி முடித்தேன். அழுகை வரவில்லை. இன்னமும் வரவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது; நான் சொல்ல, எதிர்வீட்டு வாத்தியார் எழுதுகிறார். "சுத்தி வளைக்காம சொல்லுய்யா" என்கிறார். எப்படிச் சொல்வது?

வாந்திபேதியில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் தாலுகா போர்டு விடுதியில் பாய்க்கு மூன்று பேராகக் கிடந்தார்கள். அவர்களை வளர்க்க வீடு பார்ப்பது உங்கள் வேலை. போன வீட்டிலெல்லாம் தண்ணீர் கேட்டுக் குடிப்பீர்கள். "இவ்ளோ தண்ணி குடிச்சா நான் வண்டிய நிறுத்திக்கினே இருக்கணும்மா" என்பேன். "உங்க வாய நிறுத்துங்கண்ணா, வண்டி தானா போவும்" என்பீர்கள்.

பிள்ளையை எட்டு நாள் விட்டுவைப்பீர்கள், கூட இரண்டு புதுப் பாவாடை. எட்டாம் நாள் சொல்லாமல் போய் நிற்போம். நீங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். துணி எங்கே காய்கிறது என்றுதான் பார்ப்பீர்கள். வீட்டுக் கொடியிலா, மாட்டுக்கொட்டகை வேலியிலா? "கேட்டா புள்ள பயந்துக்கினு நல்லா இருக்கேன்னுதான் சொல்லும். துணிக்கு பயம் இல்லண்ணா" என்றீர்கள். குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளையின் பாவாடை கொடியில் காய்ந்தது. வீட்டுக்காரி மாற்றுச் சேலை இல்லாமல் ஈரத்தோடு நின்றாள். வேறெதையும் பார்க்காமல் பிள்ளையை அங்கேயே கொடுத்துவிட்டீர்கள். அந்த வீட்டுச் சேவல் என் மாட்டைக் கொத்தியது வேறு கதை. வாத்தியார் முறைக்கிறார்.

செல்லம்மாவுக்கு ஏழு வயது. இரண்டு வீடுகள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தன. ஒரு வீட்டில் பாயை நனைக்கிறாள் என்றார்கள். இன்னொரு வீட்டில் ஜாஸ்தி தின்கிறாள் என்றார்கள். மூன்றாவதாக விரிஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு வீடு. நிலம் உண்டு, பிள்ளை இல்லை. கொண்டுபோய் விட்ட அன்று வீட்டுக்காரி மட்டும் இருந்தாள். புருஷன் வயலுக்குப் போயிருந்தான்.

எட்டாம் நாள் உங்களுக்குக் காய்ச்சல். "துணிய மட்டும் பாத்துட்டு வாங்கண்ணா. பேசாம வர உங்களால முடியுமா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

நான் அதற்கு முன்பே பேசிவிட்டிருந்தேன். இரண்டு நாள் முன்னால் பொய்கைச் சந்தையில், மாட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க முடியாமல், பத்துப் பேர் நடுவில் நீங்கள் பாவாடை பார்க்கும் கதையைச் சொல்லியிருந்தேன். உங்களைப் பெருமையாகத்தான் சொன்னேன். எல்லாரும் போன பிறகும் ஒருவன் நின்று, "அப்புறம் இன்னா பாப்பாங்க?" என்று கேட்டு, எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தான்.

விரிஞ்சிபுரத்து வீட்டு வாசலில் அந்த வெற்றிலை மடித்தவன் நின்றான்; அவன்தான் அந்தப் புருஷன். "வாய்யா, இன்னா இவ்ளோ தூரம்?" என்றான். கொடியில் அவன் வேட்டிக்கும் அவள் சேலைக்கும் நடுவில் செல்லம்மாவின் பாவாடை. கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. தண்ணீர் படாத துணி, நம் கண்ணுக்காகத் தொங்கவிட்டது. நான் பார்த்தேன் அம்மா. பார்த்துவிட்டுத்தான் வந்து, "கொடியிலதாம்மா காயுது" என்றேன். மடிப்பைச் சொன்னால் சந்தையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

நாலு மாதம் கழித்து நீங்களே போனீர்கள். செல்லம்மா கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. நீங்கள் அந்த வீட்டில் தண்ணீர் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி வண்டியில் வைத்தீர்கள். பாலாற்று மணலில் வண்டி இறங்கும்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டேதான் சொன்னேன். கரை ஏறின பிறகு, "நாலு மாசம்ண்ணா" என்றீர்கள். அவ்வளவுதான்.

செல்லம்மாதான் அப்புறம் பேசினாள். அழவில்லை. "அடுத்த வூடு எங்கம்மா?" என்றாள். அடுத்த ஊர் எது என்று கேட்பதுபோல.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் என் வண்டியில்தான் வந்தீர்கள். அண்ணா என்றுதான் கூப்பிட்டீர்கள். ஆனால் எந்த ஊர், எந்த வீடு என்று முன்னால் சொன்னதே இல்லை. "நேரா போங்கண்ணா." "இங்க நிறுத்துங்கண்ணா." வைதிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

சோளிங்கர்ப் பக்கம் நீங்கள் பார்த்துக் கொடுத்த நாலாவது வீடு அவளுக்கு நிலைத்தது. உங்களுக்கே தெரியும். போன வாரம் அந்த ஊர்க் கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். கழுத்தில் தாலி, இடுப்பில் குழந்தை. "செல்லம்மா" என்றேன்.

"யாரு நீங்க?"

"வண்டிக்காரன்."

"எந்த வண்டி?" என்றாள்.

எத்தனை வண்டியில் ஏறி இறங்கினவள். அவள் நிற்கவில்லை. குழந்தை அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று. நாலு மாதத்தை அவள் எங்கேயோ இறக்கிவிட்டாள் போலிருக்கிறது அம்மா. என்னிடம்தான் இருக்கிறது.