கடுதாசியில் வெட்டிய கிணறு

அடுத்த காணியில் கிணறு வெட்டுகிறார்கள். காலையில் கல்லுக்கு வெடி வைத்தார்கள். மருந்துப் புகையும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த அந்த மணம் வேலிக்கு மேலால் வந்து என் அறையெல்லாம் நிறைந்துவிட்டது. யன்னலைச் சாத்திப் பார்த்தேன், போகவில்லை. நீ போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம்; நான் வாங்குப் பலகையிலும் நீ நிலத்திலுமாக. வளர்ந்தபின் எங்கள் புகையிலைத் தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தாய். தனியே நின்றால் என்னை 'நீர்' என்பாய். ஆள் அரவம் கேட்டால் அது 'நயினார்' ஆகிவிடும். எங்கள் கிணற்றை உங்கள் ஆட்கள் தொடக்கூடாது. யாராவது வந்து ஊற்றும்வரை உன் மனைவி குடத்தோடு வெயிலில் நிற்பாள். அவள் அப்படி நின்ற நாளெல்லாம் உனக்குக் கிணற்றுக் கதைதான். உங்கள் ஆட்களுக்கென்று ஒன்று எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது என்று வருடக்கணக்காகக் கதைத்தாய்.

கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. "வாயாலை எத்தினை கிணறு வெட்டிப்போட்டாய்! ஒண்டைக் கடுதாசியிலை வெட்டு பாப்பம்," என்று ஒருநாள் பகிடி பண்ணினேன்.

நீ சிரிக்கவில்லை. "எழுதினா நடக்குமோ?" என்றாய்.

"ஓம். எழுதினாத்தான் ஆர் என்ன செய்யிறதெண்டு தெரியும்."

எவ்வளவு பெரிய மனிதன் போலச் சொன்னேன்! அன்று பின்னேரமே நீ சொல்லச் சொல்ல, பிள்ளையார் சுழி போட்டு நான் எழுதினேன். இடம், உன் குடிசைக்குப் பின்னால். கந்தன் கல் கிளப்ப அலவாங்கு கொண்டுவருவான். சின்னான் கல் சுமப்பான். வெடிக்கு மூத்தான். நாலாவதாக உன் பெயர். "உம்மடை பேரையும் போடுமன்," என்றாய். "எழுதினவன்ரை பேர் என்னத்துக்கு?" என்று பேனையை மூடிவிட்டேன்.

பிறகுதான் அந்தப் பிழையை விட்டேன். நாள் பார்க்காமல் எங்கள் ஊரில் யார் கிணற்றுக்கு மண் வெட்டுவார்கள்? நல்ல நாள் கேட்கச் சாத்திரியாரிடம் போன நான், அந்தக் கடுதாசியையே அவர் கையில் கொடுத்தேன். பெயர்களை இரண்டு தரம் வாசித்தார். "வாற புதன் காலமை நல்லது," என்று சொல்லிக் கடுதாசியைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டார். அதைத் திருப்பிக் கேளாமலே வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் சாப்பிட இருந்தபோது என் அண்ணை, "புதன்கிழமை நல்ல நாளாமெல்லே," என்றார். சாத்திரியார் கடுதாசியைக் காட்டியிருக்கிறார் என்று விளங்கியது.

புதனன்று தொடங்கினீர்கள். ஒருவரும் வந்து தடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேலியோரம் நின்று பார்த்தார்கள், பேசாமல் போனார்கள். மூன்றாம் நாள் கந்தனின் கூரை பட்டப்பகலில் எரிந்தது. அடுத்த கிழமை சின்னானை அவன் குடியிருந்த காணியைவிட்டு எழுப்பினார்கள். நீர்வேலிக்குப் போய் வாழைக்குட்டி வாங்கிக்கொண்டு திரும்பிய மூத்தானை யாரோ மறித்துக் கையை முறித்தார்கள். நான் எழுதிய வரிசை தப்பவில்லை.

ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். "அடுத்தது நீதான். விட்டிடு."

"தண்ணி ஊறத் தொடங்கீட்டுது," என்றாய். "இனி என்னெண்டு விடுறது?" உன் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் முன்பு கண்டதில்லை.

இரண்டு நாள் கழித்து, விடிய எழும்பிப் பார்த்தால் கிணற்றில் செத்த நாய் மிதந்தது. அதை எடுக்க, குறுக்கே கிடந்த பனங்குற்றியில் கயிற்றைக் கட்டி இறங்கினாய். குற்றி முறிந்தது. நான் வரும்போது உன்னைத் தூக்கி வெளியே கிடத்தியிருந்தார்கள். உன் முகத்தைப் பார்க்கப் பயந்து முறிந்த குற்றியைப் பார்த்தேன். அடிப்பக்கம் பாதிவரை மரம் அறுக்கும் வாளால் அரிந்திருந்தது. அரிந்த இடம் புதிது.

அரசாங்க விதானையார் உன் சாவை விசாரிக்க வந்தார். "பழைய குத்தி, உக்கி முறிஞ்சுபோச்சு," என்றார் அண்ணை. அப்படியே எழுதினார்கள். உன் மனைவி என் முன்னால் வந்து நின்றாள். "நீங்கள் பாத்தனீங்கள்தானே, நயினார்? கண்டதைச் சொல்லுங்கோ," என்றாள். அண்ணை பேனையை என்னிடம் நீட்டினார். வாங்கிக் கையெழுத்து வைத்தேன். எழுதினால் நடக்கும் என்று உனக்குச் சொன்னவன் நான். குற்றி உக்கியதும் அன்றோடு நடந்ததாகிவிட்டது.

உங்கள் ஆட்கள் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, இன்றும் அதில்தான் அள்ளுகிறார்கள். உன் மனைவி இப்போது எவருக்காகவும் காத்து நிற்பதில்லை. ஒழுங்கையில் என்னைக் கண்டால் நேரே முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். அந்தப் பார்வையைத்தான் பன்னிரண்டு வருடமாகச் சுமக்கிறேன். வெட்கமாயிருக்கிறது. நான் கண்டதை இன்று எழுதிவிட்டேன், என் பெயரும் போட்டிருக்கிறேன். நாளைக்கு இதை அவள் கையில் கொடுக்கவேண்டும்.

இந்த வரியை எழுதும்போது அண்ணை வாசலில் வந்து நின்று, "என்னடா எழுதிறாய்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை, அண்ணை," என்றேன்.

அவர் இன்னும் போகவில்லை.