பூஜைக்காக அறுத்த பைப்புகள்

பெருங்களத்தூர்
ஆயுத பூஜைக்கு மறுநாள்

அன்புள்ள மகன் அருண்ராஜுக்கு அம்மா ஞானஜோதி எழுதுவது. அப்பா, நான், துர்கா மூவரும் இங்கே சௌக்கியம். பூனாவில் உன் உடம்பும் வயிறும் நன்றாக இருக்க முத்துமாரியை வேண்டிக்கொள்கிறேன். பூஜை நல்லபடியாக முடிந்தது. பொரியும் கடலையும் உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன், தீபாவளிக்கு நீ வருவதற்குள் நமத்துப்போனால் வறுத்துத் தருகிறேன். கம்பெனியில் வெல்டிங் பக்கம் போனால் கண்ணாடி போட்டுக்கொள்.

அண்ணா, அம்மா சொல்லி நான் எழுதியது அவ்வளவுதான். இதற்குமேல் ஒரு எழுத்தும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்கள். இனி எழுதுவது துர்கா. அடுப்படி விளக்கில் எழுதுகிறேன், அப்பா இருமினால்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி.

அஸ்தினாபுரம் ஸ்ரீநிவாசராகவன் சாருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறதே, அதை எடுக்காதீங்க, உங்களால முடியாதுப்பா என்று போன தடவை நீ சண்டை போட்டாயே, அதைப் பற்றித்தான். அன்றையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் போனில்கூடப் பேசுவதில்லை. அப்பா அந்த வீம்பிலேயே காரை நம் டிங்கர் ஷெட்டுக்குக் கொண்டுவந்து வேலையை எடுத்தார். கூரையே இல்லாத வண்டி, அதனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகடுதான் முழு பாரத்தையும் தாங்குகிறது. அது இரண்டு பக்கமும் துருப்பிடித்து அப்பளம் மாதிரி நொறுங்கியது. அப்பா அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு மடித்து வைத்து, அங்கங்கே புள்ளி வெல்டு மட்டும் போட்டிருந்தார். முழு வெல்டு போடும்வரை வண்டி நடுவில் தொய்ந்துவிடாமல் இருக்கக் கதவுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு வாசலிலும் குறுக்கே இரும்பு பைப் வைத்து ஒட்டியிருந்தார். அதுவரை எல்லாம் சரிதான்.

பூஜைக்கு ஸ்ரீநிவாசராகவன் சாரும் மாமியும் வருவதாகச் சொன்னதும் அப்பாவுக்கு அந்த பைப் உறுத்த ஆரம்பித்துவிட்டது. கால் உடைஞ்சவன் கட்டு போட்டுகினு நிக்கிற மாதிரி சாமி முன்னால நிக்குது, கதவை மாட்டி முழு வண்டியா நிறுத்தலாம் என்றார். வெல்டர் சவுரிமுத்து மாமா, யோவ் மாணிக்கம், அது ஒரு நாளு இருந்தா இன்னா கெட்டுப்பூடும் என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா கேட்கவில்லை. பைப்பை அறுத்து, கதவை மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டதும் வண்டி அழகாகத்தான் இருந்தது. சாரையும் மாமியையும் உட்கார வைத்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளினார்கள். பழம் நசுங்கிச் சக்கரம் இறங்கியதும் அடியில் டக்கென்று ஒரு சத்தம். அண்ணா, புள்ளி வெல்டு விட்டுப்போய்விட்டது. வண்டி நடுவில் உட்கார்ந்துவிட்டது, இரண்டு கதவும் இறுகிக்கொண்டன. மாமி, ஏன்னா, ஆத்துக்குப் போகணும், இதைத் திறக்கச் சொல்லுங்கோ என்கிறார். கடைசியில் அம்மா ஸ்டூல் போட்டு, மாமியைப் பட்டுப்புடவையோடு மேல் வழியாக இறக்கிவிட்டார்கள். சார் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நாளை சாயங்காலம் வருவேன், கதவு பழையபடி சாத்தலேன்னா லாரி கொண்டுவந்து வேற இடத்துக்கு எடுத்துண்டு போயிடறேன் மாணிக்கவேல் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா, இந்த வண்டி போச்சுன்னா நான் டிங்கர்னு சொல்லிக்க மாட்டேன், சுத்தியலைத் தொடவும் மாட்டேன் என்றார்.

உடனே ஜாக்கி வைத்துத் தூக்கினால்தான் மேலும் இறங்காது. ஆனால் ஜாக்கி, சுத்தியல், வெல்டிங் மெஷின் எல்லாம் பொட்டு வைத்துச் சாமி முன்னால் இருக்கின்றன, மறுநாள் காலைவரை தொடக் கூடாதே. சவுரிமுத்து மாமா, எங்க சாமி ஒண்ணும் சொல்லாது, நான் எடுக்கறேன் என்றார். உங்க சாமி சொல்லாது, என் பொண்டாட்டி சொல்லுவா என்றார் அப்பா. அந்த நேரத்திலும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அம்மா மட்டும் முறைத்தார்கள். பிறகு கையாலேயே தூக்குவது என்று முடிவாயிற்று. இன்ஜின் வெளியே இருந்ததால் கனம் குறைவு. ஷெட்காரர்களும், எதிரில் புது அபார்ட்மென்ட் கட்டுகிறவர்களும் வந்து இரண்டு பக்கமும் பிடித்தார்கள். ஏ, மூச்சு வுடாத, தூக்கு என்று சவுரிமுத்து மாமா கத்த, அப்பா படுத்துக்கொண்டு அடியில் நுழைந்து சிமென்ட் கல்லை அடுக்கினார். அவர் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வெளியே வந்து சட்டையைத் தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன்.

ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. இன்று விடியற்காலையிலேயே புனர்பூஜை செய்து, சாமியிடமிருந்து முதலில் ஜாக்கியை எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கதவு இடுக்கு மேலும் கீழும் சமமாகும்வரை விரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். மறுபடி பைப் ஒட்டி, தகட்டுக்கு உள்ளே கனமான பட்டை வைத்து, முழு வெல்டும் போட்டார்கள். ஆறிய பிறகு பைப்பை எடுத்து ஜாக்கியை இறக்கினார்கள். சாயங்காலம் சார் வந்து கதவைச் சாத்தினார், திறந்தார், திரும்பச் சாத்தினார். அடுத்தது பெயின்ட்தானே மாணிக்கவேல், என்ன சிவப்புன்னு நீயே சொல்லு என்றார். அம்மா உள்ளே ஓடிப்போய் அழுதார்கள். எனக்கும் அப்போதுதான் பசித்தது.

இதை உனக்கு எழுதினால் நான் சொன்னேனே என்று நீ ஆரம்பிப்பாய், மறுபடி சண்டை வரும் என்று அம்மாவுக்குப் பயம். ஆனால் இன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அப்பா, எங்களைப் பார்க்காமல், அருணு இருந்திருந்தா அந்த பைப்பை என்னைத் தொட வுட்டிருக்க மாட்டான் என்றார். உன்னிடம் அதை அவர் சொல்லவே மாட்டார், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பாவும் அம்மாவும் உன்னை ஆசீர்வதிக்கிறார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி என்று அம்மா எழுதச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடாதே, அப்பாகிட்ட குடு என்று சொல். காரைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்வார்.

இப்படிக்கு,
அம்மா ஞானஜோதிக்காகவும், அவர்களுக்குத் தெரியாமலும்,
உன் தங்கை துர்கா