ஆரணியின் ‘ஓ’

மார்ச் 14, சனி இரவு

ஆரணியின் அட்டை என் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

தமிழ் வகுப்பில் இன்று பிள்ளைக்கு ஓர் எழுத்தாக எழுத்துச் சுவர் செய்தோம். சொல்லும் படமும் பிள்ளைகளுடையதாகவே இருக்கும், நான் கை வைக்க மாட்டேன் என்று பெற்றோரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ‘ஓ’ ஆரணிக்கு. ஆறு வயது, எதைக் கேட்டாலும் தலையாட்டி “ஓம் டீச்சர்” என்பாள். அதையே எழுதியிருந்தாள். ‘ஓம்’. பக்கத்தில் தலையாட்டும் அப்பா.

“அது பேசறப்ப சொல்றதுடா கண்ணா. சுவத்துக்கு நல்ல தமிழ் வேணும்” என்றேன். இடைவேளையில் அவள் அட்டையைக் கழற்றி என் பையில் வைத்துவிட்டு, ‘ஓடம்’ என்று நானே எழுதி, படகும் வரைந்து, அடியில் அவள் பெயரைப் போட்டு ஒட்டினேன். இந்த மாண்ட்ரியலில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நாள் முழுக்க ஓம் என்கிறார்கள். சென்னையில் நாங்கள் சொல்வதில்லை என்பதற்காக அது மட்டமாகிவிடுமா? அப்போது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

கூட்டிப்போக வந்த அவள் அப்பா சுவரைப் பார்த்து மலர்ந்துபோனார். “நல்ல வடிவா இருக்கு. நீங்களோ பிள்ளை கீறினது?” என்று மகளிடம் கேட்டார்.

ஆரணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்: “ஆமாம்.”