கடைசி வரிசைப் பாத்திரம்

என்னை முந்திக்கொண்டு போய்விட்ட என் நேசம்மாவுக்கு,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுத வேண்டிய தேவையே வரவில்லை. கருப்பட்டி ஏற்றிக்கொண்டு குழித்துறைச் சந்தைக்குப் போனால் அன்றைக்குச் சாயங்காலமே திரும்பிவிடுகிறவனுக்குக் கடிதம் எதற்கு? இப்போது எந்த அஞ்சல்காரன் கையில் கொடுத்தாலும் இது உன்னிடம் வந்து சேராது என்று தெரியும். அதனால் நம் சபைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். உனக்கு எழுதுவதை ஊர் வாசித்தால் வாசிக்கட்டும்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக இல்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வசனம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நானும் தலையை ஆட்டுகிறேன். சபை மூப்பர் ஒருவன் வசனத்துக்குத் தலையாட்டாமல் இருக்க முடியுமா? அவர்கள் வேலியைத் தாண்டினதும் திரும்பவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

சாயங்கால ஜெபத்துக்கு முழங்கால் போடுகிறேன். நீ இருந்தால் ஊரில் உள்ள நோயாளிகள், பிரயாணம் போனவர்கள், கன்று போடப்போகிற பசு வரைக்கும் ஒருவரையும் விடாமல் சொல்லி ஜெபிப்பாய். எனக்குக் கால் மரத்துப்போகும். இப்போது என் வாயில் ஒரே வார்த்தைதான் வருகிறது. என்னையும் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்கிறேன். அது ஜெபமா, பிடிவாதமா? நீதான் சொல்ல வேண்டும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து நம் மகள் கிருபை வந்திருந்தாள். "அப்பா, இங்ஙன ஒத்தையில கெடக்காண்டாம். எனக்கக் கூட வந்திருங்க" என்று அழுதாள். அந்த ஊர்க் காற்றில் இடுப்பில் வேட்டி நிற்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

நேசம்மா, நம் கோவிலின் கடைசி வரிசையைப் பற்றி வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்.

மாதம் ஒருமுறை போதகர் வந்து இராப்போஜனம் கொடுக்கிறார். சபையார் ஓலைப்பாயில் உட்கார்ந்திருப்பார்கள். திராட்சை ரசம் ஊற்றின ஒரே பாத்திரத்தை மூப்பர்கள் வரிசை வரிசையாகக் கொண்டுபோவோம். மேசையருகே மூப்பர்கள் முதலில் குடிப்போம். பிறகு முன்வரிசை, பிறகு நடுவரிசை. வாசல் பக்கம் கடைசியில் ராகேலும் அவளைச் சேர்ந்தவர்களும் இருப்பார்கள். நம்மவர்களின் வயலில் நாற்று நட்டவர்கள், புதிதாய் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்களுக்கும் பாத்திரம் போகும். யாரும் தடுத்ததில்லை. அவர்களுக்குப் பிறகு யாரும் குடிக்க வேண்டியதில்லை என்பதால் யாருக்கும் சங்கடமும் இல்லை. மார்பை மறைத்துக் குப்பாயம் போட்டதற்காக நம் வீட்டுப் பெண்களை வழியில் அடித்த ஊர் இது. அந்த அடியை மறந்துவிட்டோம். அடித்தவர்களின் சாதிக் கணக்கை மட்டும் கோவிலுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

இத்தனை வருஷம் பாத்திரம் சுமந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. உன் கண்ணில் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தாய். முன்வரிசையிலிருந்து வாசல் வரைக்கும் தலை நிமிர்ந்து நடந்தாய். ராகேலுக்கும் பின்னால் போய், நிலைப்படியை ஒட்டி உட்கார்ந்தாய். உட்கார்ந்தபின் நீ அங்கே இருப்பதே தெரியவில்லை. அவள் குடித்துவிட்டுக் கொடுத்ததை வாங்கிக் குடித்தாய்.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். நீ மரச்சீனிக் கிழங்கு அரிந்துகொண்டே சொன்னாய்: "அவியளுக்குப் பொறவு ஒருத்தரும் குடிக்கல்லேன்னா அது இராப்போஜனம் இல்ல, மிச்சமாக்கும்."

"நாலு பேரு பாத்துட்டு இருக்கும்ப நீ எப்பிடிப் பிள்ளே நடந்தே? பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"நமக்குக் கிடைச்சது எல்லாம் சும்மா கிடைச்சதாக்கும். சும்மா கிடைச்சதுக்கு எதுக்குப் பெருமை? எதுக்குப் பயம்?" என்றாய். அதோடு மரச்சீனி வேகப் போய்விட்டது, பேச்சும் முடிந்துவிட்டது.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் யோசித்திருக்கிறேன் தெரியுமா? கர்வமில்லாத தைரியத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்த ஊரில் தைரியசாலிகள் எல்லாரும் மீசையை முறுக்குகிறவர்கள். தாழ்மையானவர்கள் எல்லாரும் சுவரோரமாய்ப் போகிறவர்கள். இரண்டையும் ஒரே சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தவள் நீ ஒருத்திதான். உன் பக்கத்திலேயே இருந்தால் எனக்கும் கொஞ்சம் ஒட்டும் என்று நம்பியிருந்தேன்.

மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. ஒரு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். மறுநாள் உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போனோம்.

மண் காய்வதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கண்டவர்கள் எச்சிலைக் குடித்தாள், அதனால்தான் போனாள் என்றார்கள். பெரிய மூப்பரின் தம்பியும் அதே வாரத்தில் அதே நோயில்தான் போனார். முன்வரிசையில் உட்காருகிறவர் அவர். அவர் யார் எச்சிலைக் குடித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் கலங்கிக் கிடந்ததையும் யாரும் பேசவில்லை.

எனக்கு அந்தப் பேச்சைவிடப் பெரிய வருத்தம் வேறு உண்டு. ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார், நேசம்மா? அவருக்காக எழுந்து நடந்தவளை எடுத்து, அவர்கள் வாய்க்கு ஏன் சாட்சியாகக் கொடுத்தார்? இன்னும் ஒரு வருஷம் உன்னை விட்டிருந்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றினதுதான் மிச்சம். கோவிலுக்குப் போகிறதையும் விட்டேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் ராகேல் வந்தாள். முற்றத்தில் நின்றாள், உள்ளே வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு நீ அவளுக்குக் கொடுத்த வெள்ளைச் சேலை கையில் மடித்து இருந்தது.

"மூப்பரே, இத அம்மைக்கப் பெட்டியில வச்சிருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நாங்க இனி கோவிலுக்கு வரல்ல. எங்களால இல்லியா அவிய போனாவ."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுதாவ. எனக்கும் அங்ஙனதான் தோணுது. நான் குடிச்சிட்டுக் குடுத்தேன், அவிய சிரிச்சுட்டே வாங்கிக் குடிச்சாவ. குடுத்தது எனக்கக் கையாக்கும் மூப்பரே."

ஊர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவளே நம்பிவிட்டாள் என்று தெரிந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னைவிட மூத்தவள் என்று நீ அவளை அக்கா என்று கூப்பிட்டு ஊரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாயே, அந்த ராகேல், உன்னைக் கொன்றவள் தான்தான் என்ற நினைப்போடு தினமும் சோறு பொங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம்.

"ஞாயிற்றுக்கிழமை போதகர் வாறாரு. நானும் வாறேன். நீங்களும் வாங்க. சேலைய எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை பெரிய மூப்பர் வந்தார். துண்டுக்குள்ளிருந்து ஒரு பித்தளை டம்ளரை எடுத்து வைத்தார். புதுசு, நல்ல கனம். சமையலுக்கென்று வாங்கியிருந்தால் நீயே மெச்சியிருப்பாய்.

"கோவப்படாதேயும் ஓய். இது சாதியில்ல, சுகாதாரமாக்கும். பின்னால இருக்கவியளுக்கு இனி இது. நீரே கொண்டுபோவும். ஒமக்கக் கையால குடுத்தா அவியளுக்கும் வருத்தம் இருக்காது" என்றார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் வழக்கம் உனக்குத் தெரியாததா?

ஞாயிற்றுக்கிழமை மேசையில் வெள்ளைத் துணிக்கு மேல் பழைய பாத்திரமும் டம்ளரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூப்பர்கள் குடிக்கிற நேரத்தில் என் முறை வந்தபோது நான் குடிக்காமல் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன். பெரிய மூப்பர் பாத்திரத்தோடு முன்வரிசைக்குப் போனார். நான் டம்ளரோடு பின்னால் போக வேண்டும்.

அப்போது எனக்குத் தைரியம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. கையை அந்த டம்ளர் பக்கம் நீட்ட முடியவில்லை. வெறுங்கையோடு நடந்து, நடுவரிசை முடிகிற இடத்தில் பெரிய மூப்பருக்கு எதிரே போய் நின்றேன்.

"இஞ்ச தாரும்" என்றேன்.

"டம்ளர் எங்க ஓய்?" என்று பல்லைக் கடித்தார்.

"மேசையில இருக்கு."

அவர் விடவில்லை. நானும் பிடித்த பிடியை விடவில்லை. பாத்திரத்துக்குள் ரசம் தளும்பியது. அவர் தன் வெள்ளை ஜிப்பாவை ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். நீ இருந்திருந்தால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்திருப்பாய். போதகர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். எப்போது கண்ணை மூட வேண்டும் என்று போதகர்களுக்குத் தெரியும்.

பின்வரிசைக்காரர்கள் தலை குனிந்தபடி குடித்தார்கள். கடைசியில் ராகேல். உன் வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள். பாத்திரத்தைக் கண்டதும் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் மூப்பரே. எனக்குப் பொறவு நீங்க குடிப்பிய. நீங்களும் போயிட்டா நான் எங்க போவேன்?" என்று தலைப்புக்குள் முனகினாள்.

நான் அவளுக்குப் பின்னால், நிலைப்படியை ஒட்டி, உன் இடத்தில் உட்கார்ந்தேன். பெண்கள் பக்கம் அது. ஊர் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன்.

"ராகேல் அக்கா" என்றேன். அவளை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எனக்கு இன்னும் கிடைக்கல்ல. நீங்க குடிச்சாத்தான் எனக்கு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தலைப்பை விலக்கி, இரண்டு கையாலும் வாங்கி, அழுதுகொண்டே குடித்தாள். நான் வாங்கிக் குடித்தேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. இனிப்பு போதவில்லை. உலர்ந்த திராட்சையை ஊறவைக்கிற உன் பக்குவம் இங்கே யாருக்கும் வரவில்லை.

அதன்பின் சமாதானம் வந்ததா என்று கேட்பாய். வரவில்லை. நீ பக்கத்தில் இருப்பதாகக்கூடத் தோன்றவில்லை. உன் இடத்தில் தரை சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன்.

இப்போது ஊருக்கு என்மேல் திடீரென்று அக்கறை வந்திருக்கிறது. சந்தைக்குப் போகிற வழியில் "ஒடம்பு எப்பிடி இருக்கு ஓய்?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். ஒரு இருமல் இருமினால் போதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பெரிய மூப்பர் டம்ளரைத் தூக்கிப்போடவில்லை. கோவில் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். காத்திருக்கிறார்கள், நேசம்மா.

ராகேலும் காத்திருக்கிறாள். தினமும் விடிந்ததும் வேலிக்கு வெளியே வந்து நிற்கிறாள். நான் கதவைத் திறந்து முற்றத்துக்கு வருகிற வரைக்கும் நிற்கிறாள். என்னைக் கண்டதும் வயலுக்குப் போய்விடுகிறாள்.

அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு காலையில்தான் எனக்கு உறைத்தது. இனி எனக்குச் சாக வழியில்லை. எனக்கு ஒரு காய்ச்சல் வந்து நான் போனால், அந்த மனுஷி இரண்டு சாவைச் சுமப்பாள். அலமாரியிலிருந்து டம்ளர் வெளியே வரும். நீ பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்த நடை வீணாகிப்போகும். நான் ஒருவன் சும்மா உயிரோடு நடமாடினாலே போதும், ஊர் வாயடைத்துப்போகும். இப்படி ஒரு ஊழியத்தை ஆண்டவர் யாருக்காவது கொடுத்திருப்பாரா? அதுவும் சாக வேண்டும் என்று தினமும் கேட்கிறவனுக்கு?

அன்றைக்குச் சாயங்காலம் முழங்கால் போட்டேன். என்னையும் எடுத்துக்கொள்ளும் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். உன்னிடம் வருகிற ஒரே வழியை நானே அடைத்துவிட்டு எழுந்தேன்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் குடிப்பேன். பசிக்காவிட்டாலும் நேரத்துக்குக் கஞ்சி குடிப்பேன். மழையில் நனைய மாட்டேன். மாதாமாதம் ராகேல் அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் கொடுத்ததை வாங்கிக் குடிப்பேன். விடிந்ததும் கதவைத் திறந்து அவள் கண்ணில் படும்படி முற்றத்தில் நிற்பேன்.

நான் வர ரொம்பப் பிந்தும், நேசம்மா. எனக்காக வாசலில் காத்து நிற்காதே.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கிற உன் வீட்டுக்காரன்,
ஏசுவடியான்