நேர் பாதையில் நான்கு தடம்

இன்று காலை ஜீப்பைக் கழுவும்போது, சீட்டுக்கு அடியிலிருந்து நம் முட்டுக்கல் உருண்டு வந்து என் கால்மேல் விழுந்தது. நல்ல அடி. வலியில் உங்களைத்தான் திட்டினேன், பழக்கம் இன்னும் விடவில்லை. கல்லின் குழிகளில் மலையின் செம்மண் அப்படியே ஒட்டியிருந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, கரியாலூர்ப் பக்கம் சந்தை சந்தையாகக் குடமும் குண்டானும் விற்றோம். தார் முடிந்து மண்பாதை மேடேறும் இடத்தில் நான் இறங்கிவிடுவேன். வண்டி திணறி நின்றால் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது என் வேலை. நீங்கள் ராஜா மாதிரி முன்னால் பார்த்து ஓட்டுவீர்கள். நான் கல்லைச் சுமந்து, புகையைத் தின்றுகொண்டு பின்னால் வருவேன். நம் கல்யாண ஊர்வலத்தில்கூட நான் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில், பின் அச்சைத் தாங்கும் வில்பட்டாவில் ஒரு தகடு ஒடிந்தது. மறுநாள் சந்தை என்று பட்டறையில் நின்று அவசரப்படுத்தி மாட்டி வந்தீர்கள். அன்று முதல் வண்டிக்குப் பேய் பிடித்தது. தாரில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தால் போதும், சமாளித்துவிடலாம். மண்ணில் அப்படி நடக்கவில்லை. இடது வளைவில் யாரோ இடுப்பில் இடித்த மாதிரி பின்பக்கம் வெளியே சறுக்கியது. வலது வளைவில் எவ்வளவு ஒடித்தாலும் திரும்பாமல் பள்ளத்தைப் பார்த்துப் போனது. டயர் மாற்றினீர்கள், முன்சக்கரத்தை நேராக்கினீர்கள். ஒன்றும் சரியாகவில்லை.

கடைசியில் ஜீப்பை விற்றுவிட்டுச் சின்னசேலத்தில் கடை போடலாம் என்றீர்கள். வீட்டில் நீங்கள் பேசாத மனிதர், மலையில்தான் வாய் திறப்பீர்கள். அந்தப் பாதை போனால் அந்தப் பேச்சும் போய்விடும் என்று பயந்தேன்.

ஜீப்பை வாங்கக் கேட்ட ஆளைப் பார்க்க வரச்சொல்லிவிட்டு, கடைசி நடை என்று ஏறினோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கல்லோடு பின்னால் வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஈர மண்ணில் உங்கள் வண்டி நான்கு தடம் போட்டிருந்தது. பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராமல், வலப்பக்கம் தள்ளித் தனி வழி போயிருந்தன.

"இன்னாமே, மண்ண பாத்துக்கினு நிக்கிற?"

"எறங்கி வந்து பாருங்க. பின்சக்கரம் வேற ரோட்ல வருது."

"வளைவுல அப்டிதான் இருக்கும்."

"இது நேர் ரோடுங்க!"

சிரித்தீர்கள். "பின்னால இருக்கறது எங்கமே போவும்? முன்னால போறத்த புடிச்சிக்கினுதான வரும்."

நான் விடவில்லை. குடம் கட்டும் கயிற்றை எடுத்து, வலப்பக்கம் பட்டாவின் முன்முனையிலிருந்து பின் அச்சுவரை பிடித்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை இடப்பக்கம் பிடித்தால், கட்டைவிரல் அகலத்துக்கு முடிச்சு அச்சைத் தாண்டி நின்றது. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி அடியில் படுத்தீர்கள். இடப்பக்கப் பட்டாவை அச்சோடு பொருத்தும் நடு போல்ட் அதன் குழியில் உட்காரவே இல்லை. இடப்பக்கம் அச்சு முன்னால் நகர்ந்து, பின்சக்கரம் இரண்டும் வலப்பக்கம் பார்த்து நின்றிருந்தன. பின்னாலிருந்தபடி அதுதான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தது.

அடியிலிருந்து சேற்று முகத்தோடு எட்டிப் பார்த்தீர்கள். "அந்த ஆளு வந்தா, வண்டி குடுக்கலன்னு நீயே சொல்லிடுமே." என் வாழ்நாளில் நீங்கள் சொன்ன அழகான சொல் அதுதான். மெதுவாக இறக்கிக் கொண்டுவந்து, பட்டறையில் சரியாக உட்காரவைத்தோம்.

நீங்கள் போய்ச்சேர்ந்த பிறகு, ஜீப்பை விற்றுவிடச் சொல்லி மகன் கேட்டான். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது நம் மருமகள்தான் கல்லோடு பின்னால் வருகிறாள். மழை விட்ட நாளில் மேட்டுக்குக் கீழிருந்து கத்துவாள்: "அத்தே, ரெண்டு தடந்தான், போங்க!"

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பரவாயில்லை. கல்லைத் துடைத்துச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். நாளை சந்தை. பின்னால இருக்கறது எங்கமே போவும் என்று கேட்டீர்களே, மலைக்குத்தான் போகிறதுங்க.