பழைய பதிப்பில் செத்தால் செத்ததுதான்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். கடை லீவு. மாடியில் துணி வெட்டும் மேசையைத் துடைத்து, பகடைகளை எடுத்து வைத்து, சுண்டலும் தாளித்தாயிற்று. எல்லாம் வீண்.

எங்கள் பகடைக் கதை விளையாட்டின் விதிப் புத்தகம், புதுப் பதிப்பு, கூரியரில் வந்திருந்தது. அதை மேசையில் வைத்ததுதான் நான் செய்த பாவம். நாலு வருஷமாக ஆடுவது பழைய பதிப்பு. கதையை நான் நடத்துவேன். ஆளுக்கொரு பாத்திரமாக நண்பர்கள் மூவரும் காட்டிலும் கோட்டையிலும் அலைவார்கள். பகடை விழுவதைப் பொறுத்து வெற்றி, அடி, சாவு. பழையதில் உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் ஆள் காலி. புதியதில் விழுந்தவன் பிழைக்க மூன்று தரம் உருட்டலாம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் காயமெல்லாம் போச்சு.

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரன் முத்துவேலுக்குப் புதியது பிடித்துவிட்டது. பெரியகுளத்தில் அரசு வேலை பார்க்கும் சரவணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது வெளாட்டா? தாலாட்டு! சாகப் பயந்தவன் எதுக்குலே வாளத் தூக்குற?"

"உனக்கென்னப்பா. மழ பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும் ஒண்ணாந்தேதி சம்பளம். பேசுவ," என்றான் முத்துவேல்.

"தோட்டத்த இங்கன எதுக்கு இழுக்குற?"

கவிதா, ஜெயமங்கலம் பள்ளிக்கூடத்து டீச்சர்: "எனக்கு எதுன்னாலும் சரி. டைஸ உருட்ட விடுங்கப்பா." யார் கேட்டார்கள்.

முத்துவேல் எழுந்து போய்விட்டான். சுண்டலைத் தொடவில்லை. பஸ் ஏறும் முன்பே வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகல்.

நவம்பர் 10, திங்கள்

தூறல். கடையில் ஜிப்பு, லைனிங், மேட்சிங் நூல்.

"அக்கா, இந்த மெரூனுக்கு அந்த மெரூன் சேருமா?"

சேராது. எதுவும் எதோடும் சேராது, போ. (சொல்லவில்லை. சிரித்தேன்.)

குழுவில் ஒரு சத்தமும் இல்லை. கவிதாவின் குட் மார்னிங் பூ மட்டும்.

ஜோசப் வேறு, சாப்பிடும்போது: "இல்லாத ஆளு இல்லாத ஊர்ல சாகுறதுக்கு நெசமாவே சண்ட போடுறாகளே!" புருஷன் என்றும் பார்க்காமல் ரசத்தை ஓங்கி வைத்தேன். இவருக்கு எப்படிப் புரியவைப்பது. வாரம் பூராவும் கடைக்கார ஸ்டெல்லா, மருமகள் ஸ்டெல்லா. ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் ஒரு ராஜ்யமே என் கையில். அதுவும் போய்விட்டால்? பட்டன் பெட்டி அடுக்குகிற சாக்கில் கொஞ்சம் அழுகை.

நவம்பர் 12, புதன்

கரண்ட் பில். மாமியார் மாத்திரை. முத்துவேலுக்கு போன். முதல் இரண்டும் முடித்து, மூன்றாவதற்குத் தைரியம் வர மத்தியானம் ஆயிற்று.

"பெருமழ வருதுங்கிறாகக்கா. இன்னும் வெட்டு முடியல, ஆளும் கெடைக்கல. ஒரு ராத்திரி நின்னு பேஞ்சா பழம் பூராம் வெடிச்சிரும். போன வருசம் அப்பிடித்தான் போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "ஞாயித்துக்கெழமையாவது விழுந்தவன் எந்திரிக்கட்டும்னு நெனச்சேன். அது தப்பா?"

தப்பே இல்லை என்றேன். சரவணன் சார்பில் வருத்தம் சொல்ல வாயெடுத்தேன். "அவன் சொல்லட்டும்." வைத்துவிட்டான்.

சூட்டோடு சூடாகச் சரவணனுக்கும் போட்டேன். அவன் ராகம் வேறு. "ஆபீஸ்ல எனக்கு வர்ற பெரிய ஆபத்தே பிரிண்டர் மக்கர் பண்றதுதான்க்கா. அந்தக் கதையிலயாவது பயப்படணும். பொழைச்சா நெசமாப் பொழைக்கணும்." அதுவும் நியாயமாகத்தான் படுகிறது, சனியன். முத்துவேல் தோட்டத்து நிலவரம் சொன்னேன். "வெட்டுக்கு எத்தன ஆளு வேணுமாம்?" என்றான்.

"எனக்கென்ன தெரியும், அவனையே கேளு."

"சரிக்கா."

இரண்டு பேரையும் நாலு அறை விட வேண்டும். இரண்டு பேரும் வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில்! நல்ல வெயில்!

முத்துவேல் வீடியோவில் வந்தான். போனைத் திருப்பிக் காட்டினால், பந்தலுக்கு அடியில் பழப்பெட்டி சுமந்துகொண்டு சரவணன். லீவு போட்டுவிட்டு நேற்றே போயிருக்கிறான். சட்டையெல்லாம் சாறு.

"ஐயா நேத்தே வந்துட்டாகக்கா. கொத்தப் புடிக்கத் தெரியல, சட்டம் மட்டும் பேசுறாக."

"ஏலே, மொதல்ல குரூப்புல சேரு," பின்னாலிருந்து சரவணன்.

"சேர மாட்டேன் போ."

மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டதாம். வெட்டு முடிந்து லாரியும் ஏற்றியாயிற்று. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். ஞாயிறு வருவாயா என்று கேட்க நாக்கு வரை வந்தது. பயம். கேட்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வந்தான்! கூடை நிறையத் திராட்சையோடு. பாதியைக் கவிதா ஒருத்தியே தீர்த்தாள்.

"இன்னைக்குப் பழசே ஆடுவோம்க்கா," என்றான். "லாரி போயிருச்சு. இனி எவன் செத்தா என்ன."

கதையில் கோட்டைப் பாலம். காவல்காரன் எறிந்த ஈட்டி. என் பகடை அநியாயத்துக்கு நன்றாக விழுந்தது. முத்துவேலின் வேட்டைக்காரன் மாயன், நாலு வருஷத்து ஆள், பூஜ்யம்.

சரவணன் எழுந்துவிட்டான். "அக்கா, புதுசுல மூணு தரம் உருட்டலாம்ல? குடுங்க அவனுக்கு." புதுப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்றவன் நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறான்!

"ஏலே, படிச்சிருக்கியா நீ?"

"சும்மா… போன்ல பாத்தேன்."

கவிதாவுக்குப் புரையேறிவிட்டது.

முத்துவேல்தான் விடவில்லை. "பழசுன்னு சொல்லித்தான உக்காந்தோம். செத்தா செத்ததுதான். உக்காருலே."

நடத்துபவள் நான். மாயன் இறந்தான் என்று சொன்னேன். சரவணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, சொந்தத் தம்பியைப் பறிகொடுத்த மாதிரி. செத்தவனுக்கு உரியவன்தான் அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான்.

நவம்பர் 17, திங்கள்

மறுபடி தூறல். குழுவில் சேர்த்துவிடச் சொல்லி முத்துவேல் போன். உடனே சேர்த்தேன். புது ஆள் தயாராம்: வைத்தியக்காரி, வாயாடி. எந்தப் பதிப்பில் அவளை உருவாக்குவது?

சரவணன்: புதுசு. அவள் சாகக் கூடாது.

முத்துவேல்: பழசு. சாகாத வைத்தியக்காரிக்கு என்ன மரியாதை?

கட்சி மாறிவிட்டார்கள், இரண்டு பேரும்! போன வாரம் அவன் சொன்னதை இவன் சொல்கிறான், இவன் சொன்னதை அவன். கவிதா தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மைகளாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். கல்லாவுக்குப் பக்கத்தில் போன் டிங் டிங் டிங்.

லைனிங் வாங்க வந்த பெண்: "அக்கா, ஒங்க போனு நிக்கவே மாட்டேங்குதே."

அடிக்கட்டும்மா, அடிக்கட்டும் என்றேன்.