உறவில்லாத இருவர் வேண்டும்

மார்ச் 3, 97. திங்கள்.

காலையில் பனியும் மழையும் கலந்து ஒரே அசிங்கம். லேபில் அரை நாள் லீவு. நேரே போலீஸ் ஸ்டேஷன். இந்த ஊருக்கு வந்து ஏழு வருடத்தில் உள்ளே காலெடுத்து வைத்தது இன்றுதான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், ஷாட்கன் வாங்கக் கார்டு வேண்டும், ஃபாரம் கொடுங்கள் என்றேன். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், கூட யாராவது ஆண்பிள்ளை வந்திருக்கிறாரா என்று. யாரும் இல்லை. நான்தான். ஐந்தடி ஒரு அங்குலம், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், பொட்டு. கொடுத்தாள்.

எதற்கு இதெல்லாம் என்று பின்னால் நானே மறந்துவிடுவேன், எழுதி வைக்கிறேன். போன செப்டம்பரில் லேப் பிக்னிக், துப்பாக்கி கிளப் ஒன்றில். ஆரஞ்சு நிறத்தில் மண் தட்டு பறக்கும், பறக்கும்போதே சுட வேண்டும். கோயமுத்தூர் காலேஜில் என்.சி.சி. ரைபிள் பிடித்த கை இது. பதினேழு வருடம் தோசைக் கரண்டி மட்டும் பிடித்தது. முதல் நாளே இருபத்தைந்துக்குப் பதினாறு. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறியதில்லை.

தொல்லை ஒன்றுதான். கிளப்பில் இரவல் தரும் துப்பாக்கி ஆறடி ஆளுக்கானது. தோளில் பதியும் பின்கட்டை எனக்கு நீளம். ஒவ்வொரு வெடிக்கும் கன்னத்தில் ஒரு குத்து. லொரெய்ன் (எழுபது வயது, கிளப்பில் என் உயரத்தில் இருக்கும் ஒரே மனுஷி) ஃப்ளோரிடாவுக்கே குடிபோகிறாள். அவளுடைய சின்னத் துப்பாக்கி எனக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி உட்காருகிறது. எனக்கே விற்கிறேன் என்கிறாள். ஏப்ரல் 26 சனி வரைக்கும் வைத்திருப்பாள். கார்டு இல்லாமல் வாங்கினால் இரண்டு பேருக்கும் கம்பிதான். கார்டு வராவிட்டால் கடைக்காரனுக்குப் போய்விடும்.

வாங்க: தனியா, பால் 2, திவ்யா ஸ்கூலுக்குப் போஸ்டர் அட்டை.

மார்ச் 5. புதன்.

சாப்பாட்டு மேஜையில் ஃபாரம். கேள்வி மேல் கேள்வி. குடிகாரியா. போதை உண்டா. எப்போதாவது கைதானதுண்டா. வேறு பெயரில் உலவியதுண்டா. கொள்ளைக்காரிக்குத்தான் அப்படி இருக்கும் என்று நினைத்தேன். யோசித்தால் எனக்கும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பின்னால் இவர் பெயர். இரண்டையும் எழுதினேன். அரசைக் கவிழ்க்கும் அமைப்பில் உறுப்பினரா என்று ஒரு கேள்வி. தமிழ்ச் சங்கத் தேர்தலில் போன வருடம் ஒரு கமிட்டியைக் கவிழ்த்தோம், அது கணக்கில் வராது என்றார் இவர். சிரிக்கவில்லை. பயத்தில் ஜோக் அடிப்பது இவர் வழக்கம்.

"ஏம்புள்ள, அடுத்த வருசம் சிட்டிசன்ஷிப் apply பண்ணோணும். துப்பாக்கி எதுக்குன்னு இன்டர்வியூல கேட்டா?"

"சுடறதுக்குன்னு சொல்றனுங்க."

உறவில்லாத இருவர் சாட்சி வேண்டுமாம், நான் எப்படிப்பட்டவள் என்று சொல்ல. லேபிலிருந்து கேரல். வீட்டுப் பக்கமிருந்து சுந்தரம் அண்ணன். ஐந்து வருடமாக ரூட் 1-இல் ஒரே காரில் ஆபீஸ் போகிறோம், அவரைவிட என்னை யாருக்குத் தெரியும். போன் பண்ணினேன். "என்ன தங்கச்சி, இதுக்கெல்லாம் கேக்கணுமா" என்றார்.

மார்ச் 11. செவ்வாய்.

வெயில், நம்ப முடியவில்லை. ஃபாரம் கொடுத்தாகிவிட்டது. கைரேகையும். பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து மையில் உருட்டினார் டிடெக்டிவ். பெரிய மீசை, சின்னக் குரல். நான் உதவி செய்வதாக நினைத்து அழுத்தி அழுத்தி வைத்தேன். விரலை என்னிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் சும்மா இருங்கள் என்றார். சும்மா இருப்பது எனக்கு வராது. மூன்றாம் தடவை சரியாக விழுந்தது.

மை போகவில்லை. இட்லி மாவு கரைக்க வேண்டியிருந்தது, கரண்டியாலேயே கரைத்தேன்.

மார்ச் 16. ஞாயிறு.

பாட்லக் (ஆளுக்கொரு பதார்த்தம்), கமலா ஆன்ட்டி வீட்டில். ஆன்ட்டி இங்கே வந்து இருபத்தைந்து வருடம். ஆஸ்பத்திரி லேபில் ரிடையர் ஆனவர், இந்தத் தெருக்களில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அவர்தான் சுப்ரீம் கோர்ட்டு. தன் சாம்பார் எப்படி என்று கேட்டார். உப்பு ஜாஸ்தி ஆன்ட்டி என்றேன். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

நேற்றுச் சுட்டதில் கன்னம் நீலம். பவுடரில் மறையவில்லை. ஆன்ட்டி என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "உண்மையச் சொல்லு. சேகர் கை வெக்கிறானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தப்பு. சிரித்து மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டார். துப்பாக்கி என்று சொன்னதும் இன்னும் மோசம். "வீட்டுக்குள்ள துப்பாக்கியா? பொண்ணு வெச்சிருக்கே, அறிவிருக்கா உனக்கு?" துப்பாக்கிக்குப் பெட்டி, பூட்டு, சாவி என் கழுத்தில் என்றெல்லாம் விளக்கினேன். காதில் வாங்கவே இல்லை. கிளம்பும்போது இவரை முறைத்தார். அந்தப் பாவி மனுஷர் ஒன்றும் புரியாமல் டப்பாவில் மோர்க்குழம்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 2. புதன்.

ஏப்ரலில் பனி. நேற்று ஸ்கூல் இல்லை. இன்று டிரைவ்வேயில் பனி தள்ளி இடுப்பு போச்சு.

மதியம் டிடெக்டிவ் போன். கேரல் சரி. இரண்டாவது சாட்சி செல்லாது, அவர் உங்கள் சொந்தக்காரர் என்றார். சத்தியமாக இல்லை என்றேன். குறிப்பிலிருந்து படித்துக் காட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்டாராம். அண்ணன் ரொம்ப உருக்கமாக, "ஷி இஸ் மை சிஸ்டர், சார்" என்றிருக்கிறார். எத்தனை நாளாக? ஐந்து வருடமாக. அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் அவர்களைத் தெரியாது சார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால்தான் அண்ணன் ஆனார் என்றால் அது எனக்குப் புரியவில்லை மேடம், ஆனால் உறவினர் சாட்சி சொல்ல முடியாது என்றார். எங்கள் ஊரில் பஸ் கண்டக்டர்கூட அண்ணன்தான் என்று விளக்கினேன். நம்புகிறேன், ஆனால் என் பேப்பரில் சிஸ்டர் என்று இருக்கிறது, சீஃப் கையெழுத்துப் போட மாட்டார், வேறு ஒருவரைக் கொண்டுவாருங்கள் என்றார்.

அண்ணனிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. "வேற என்ன தங்கச்சி சொல்றது? தெரிஞ்ச பொம்பளைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்கிறார். நல்லா இருக்காதுதான்.

24 நாள்.

ஏப்ரல் 4. வெள்ளி.

சாட்சி வேட்டை. வலது பக்கத்து வீட்டுக்காரர்: ஏழு வருடமாக என்னை மீரா என்று தப்புப் பெயரில் கூப்பிடுகிறார், வேண்டாம். இடது பக்கம்: ஜனவரியில் வந்தவர்கள். திவ்யா டான்ஸ் டீச்சர்: "கிரீன் கார்டு pending-ல இருக்குங்க, இந்த நேரத்துல போலீஸ் கூப்பிட்டா…" பாஸ்கர் வீட்டில் கேட்டதற்கு, வீட்டுக்காரர் வந்ததும் சொல்கிறேன் என்றாள். வீட்டுக்காரர் பின்னால் இருமுகிற சத்தம் போனிலேயே கேட்டது.

அழுகை வந்தது. எழுதினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள். துப்பாக்கிக்காக இல்லை. இந்த நாட்டுக்கு டிபென்டென்ட் விசாவில் வந்தேன். பேங்க், வீடு, இன்ஷூரன்ஸ், எல்லாவற்றிலும் இவருக்குக் கீழே என் பெயர். நானே கேட்டு, நானே விரலை உருட்டி, எனக்கென்று வாங்கப் பார்த்தது இது ஒன்றுதான்.

இவர் பார்த்துவிட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கமலா ஆன்ட்டியக் கேளு புள்ள" என்றார். "நான் அடிக்கலீன்னு அந்தம்மாளுக்குத் தெரியறதுக்காவது ஆகும்."

ஏப்ரல் 5. சனி.

கிளப்புக்குப் போகவில்லை. ஆன்ட்டி வீடு. காபி கொடுத்தார். பிறகு சொன்னேன். கட்டை நீளம், அதனால் கன்னத்தில் இடி. அளவான துப்பாக்கி வந்தால் நீலம் நின்றுவிடும். அதற்குக் கார்டு. கார்டுக்கு அவர்.

என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார், மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடைப் பார்ப்பது மாதிரி. நீலம் இப்போது மஞ்சள்.

"எனக்குத் துப்பாக்கின்னாலே ஆகாது. ஆனா உன் மூஞ்சிய இப்படிப் பாக்கறது அதைவிட ஆகல. எங்க கையெழுத்து?"

அண்ணன் கதையைச் சொல்லி எச்சரித்தேன். போலீஸ் கேட்டால் பெண் மாதிரி, கிண் மாதிரி என்று எதுவும் வேண்டாம், உறவே இல்லை என்று சொல்ல வேண்டும். "நான் ஏன் சொல்றேன்? எனக்கிருக்கிறது ரெண்டு பசங்க. நீ யாரு எனக்கு?" என்றார். ஒத்திகைதான் அது. ஆனாலும் சுருக்கென்றது.

ஏப்ரல் 15. செவ்வாய்.

இவர் டாக்ஸ் பேப்பரைத் தபாலில் போட ஓடினார், எல்லா வருடமும் போல. நான் லேபிலிருந்து டிடெக்டிவுக்கு போன். 11 நாள்தான் இருக்கிறது.

போனிலேயே சிரிக்கிறார் மனிதர். பதினெட்டு வருடமாக சாட்சிகளைக் கூப்பிடுகிறேன், இப்படி ஒன்று கேட்டதில்லை என்றார். ஆன்ட்டி சொன்னது, அவர் வாயாலேயே, கேட்ட வரிசையில்:

மிஸஸ் சந்திரசேகரன் எனக்கு உறவில்லை. எந்த விதத்திலும் இல்லை. வேறு ஜில்லா, வேறு குடும்பம், எல்லாமே வேறு. (அவர் இன்னும் கேள்வியே கேட்கவில்லையாம்.)

கோபக்காரியா? இல்லை. மரியாதை தெரியாதவள்.

அப்படி என்றால்? பிடிவாதம். வாய் ஜாஸ்தி.

நம்பலாமா? இந்த ஊரில் முப்பது வீட்டில் என் சாம்பாரைச் சாப்பிட்டிருக்கிறார்கள். உப்பு ஜாஸ்தி என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். உப்பு ஜாஸ்திதான். அவள் துப்பாக்கியைப் பூட்டி வைப்பேன் என்றால் பூட்டித்தான் வைப்பாள். எழுதிக்கொண்டீர்களா?

எழுதிக்கொண்டாராம். சீஃப் மேஜைக்குப் போய்விட்டது. போனை வைத்துவிட்டு டாய்லெட்டில் போய்ச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரை.

ஏப்ரல் 22. செவ்வாய்.

இளவெயில், முன்வாசல் மரத்தில் பூ. கார்டு வந்துவிட்டது.

அதே கண்ணாடி, அதே பெண். இந்தத் தடவை பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. கார்டு ஒன்றும் பிரமாதமில்லை, லைப்ரரி கார்டைவிடச் சின்னது. ஒரு மூலையில் என் கட்டைவிரல் ரேகை. என் பெயர், என் பெயர் மட்டும். ஏழாவது முறையாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

திவ்யா: "அம்மா, ஆர் யூ லைக் எ காப் நவ்?" இல்லடி, லைக் அம்மா என்றேன். இவர் கார்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "லாமினேட் பண்ணலாமா?" என்றார். இதுதான் இவர் பாராட்டு. பூட்டுப் பெட்டியைச் சுவரில் திருகி மாட்டியதும் இவரே.

சுந்தரம் அண்ணன் ஜாங்கிரி கொண்டுவந்தார். மொத்தம் ஏழு காலி, அதில் மூன்று நான்.

ஏப்ரல் 26. சனி.

ஃபாரத்தில் லொரெய்ன் கையெழுத்து, என் கையெழுத்து, கார்டு நம்பர். துப்பாக்கி என்னுடையது. பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுக்கும்போது அவள் ஒருமுறை கட்டையைத் தடவினாள், அவ்வளவுதான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, சுடு பார்க்கலாம் என்றாள்.

கமலா ஆன்ட்டியும் வந்திருந்தார். கையெழுத்துப் போட்டதை நேரில் பார்க்க வேண்டாமா என்று அவரே காரில் ஏறிக்கொண்டார். சுங்குடிச் சேலை, மகனுடைய பழைய பார்க்கா கோட்டு, கொண்டைக்கு மேல் காதடைப்பான். ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப் போட்டது, ஆனால் எழுந்து போகவில்லை. மடியில் புளியோதரை டப்பா.

கட்டை தோளுக்குள் போய் உட்கார்ந்தது. கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டு, தூள். தட்டு, தூள். பதினொன்றாவது தப்பியது, அவசரம். பத்தொன்பதாவதைக் காற்று இழுத்துக்கொண்டு போனது. மற்றதெல்லாம் தூள்.

முடிந்து திரும்பினால் ஆன்ட்டி முதலில் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஸ்கோர் எழுதும் கிளப் ஆள், உங்கள் சொந்தக்காரரா என்று அவரிடம் கேட்டான். ஆன்ட்டி என்னிடம் குனிந்து, ரகசியமாக, "கார்டு கைக்கு வந்துடுச்சில்ல? திருப்பிப் புடுங்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க ஆன்ட்டி."

"இனிமே சொல்லலாமில்ல?"

சொல்லலாம் என்றேன். காதடைப்பானைக் கழற்றிவிட்டு, அந்த மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னார். "மை டாட்டர்."

அவன் எழுதினான். 23/25.